தலைமன்னார் என்ற ஒரு சொல்

அத்தியாயம் 17

வாசலில் கம்பனிக் கார் வந்து நின்றதோடு போன வாரம் டொலறஸை விட்டு வந்தோம். கார் இன்னும் அங்கேதான் நிற்கிறது. மோர்டனில் அந்த ஒடுங்கிய தெரு முழுவதும் மழை தூறிக்கொண்டிருக்கிறது. 1991 நவம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பதரை மணி.

இந்த வாரம்தான் நம்மோடு வந்து சேர்ந்தவர்களுக்காக இரண்டு வரி. மன்னார்க்காரியான டொலறஸ் நேர்ஸ் வேலைக்குப் படிக்க லண்டன் வந்தவள். ஞாயிறு மத்தியானங்களில் ரூட்டிங்கில் ஒரு பப்பில் கிற்றாரோடு நின்று அமெரிக்கக் கன்ட்ரி பாட்டுகள் பாடுவாள். சின்ன வயதில் இலங்கை வானொலியின் ஆங்கிலச் சேவையில் கேட்டுப் பிடித்துக்கொண்ட பழக்கம் அது. ஒருநாள் ரெக்கோர்ட் கம்பனி மனேஜர் கொலின் பிரைஸ் அந்தப் பப்பில் சாப்பிட வந்தார். இரண்டே வருடத்தில் இங்கிலாந்து முழுக்க அவளுடைய முகம் தெரிந்துவிட்டது.

அந்த முகத்துக்காக அவள் சிலவற்றை விட்டுக்கொடுத்திருந்தாள். செபமாலைமுத்து என்ற தகப்பன் பெயர் யாருக்கும் வாயில் நுழையாது என்று வெட்டி 'டொலறஸ் றே' ஆக்கினார்கள். சரி என்றாள். விளம்பரத் தாளில் 'ஸ்பானிய இரத்தம்' என்று அச்சடித்தார்கள். அது பொய் என்று தெரிந்தும் பேசாமல் இருந்துவிட்டாள்.

இன்று காலை சாரதி நீட்டிய உறைக்குள் ஒரே ஒரு தாள் இருந்தது. அவளே எழுதி, அவளே மெட்டுக் கட்டிய பாட்டு. நான்கு இடங்களில் ஒரு சொல்லை வெட்டிவிட்டு, மேலே வேறொரு சொல்லை ரைப் செய்திருந்தார்கள்.

'தலைமன்னார்' இருந்த இடமெல்லாம் 'அலபாமா'.

கீழே கொலினின் கையெழுத்தில் நாலு வரி. "அமெரிக்காவில் வெளியிடச் சம்மதித்துவிட்டார்கள். அவர்கள் கேட்பது இந்த ஒரு மாற்றம்தான். தாளம் பிசகாது, பாடிப் பார். இன்றைய நேரடி நிகழ்ச்சியிலேயே இப்படிப் பாடிவிடு."

பரமேஸ்வரன் அவள் தோளுக்கு மேலால் எட்டி வாசித்தான். யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பத்திலிருந்து வந்து, வீட்டாரை எதிர்த்து அவளைக் கட்டியவன். பெற்றோல் ஸ்ரேஷனில் இரவு ஷிப்ட் முடித்து வந்த உடுப்போடு நின்றான்.

"ஒரு சொல்லுத்தானே, டொலறஸ்."

"ஓம். ஒரு சொல்லுத்தான்."

"பேரை மாத்தேக்கை ஓம் எண்டனீர். இதுக்கும் ஓம் எண்டு போட்டு வாரும். மாமியின்ரை விஷயம் முடியட்டும். பிறகு உம்மடை விருப்பம்."

மாமியின் விஷயம் எளிதானதல்ல. டொலறஸின் தாய் மேரிறோஸ் மடுக் கோயில் அகதி முகாமிலிருந்து கொழும்புக்கு வந்து, அங்கிருந்து ஆறு மாத விசாவில் லண்டன் வந்தவர். அந்த விசா இன்னும் இரண்டு கிழமையில் முடிகிறது. திரும்பிப் போக வீடு இல்லை. கொலினுக்கு இந்தத் தொகுதி எம்.பி.யை நன்றாகத் தெரியும். "திங்கட்கிழமை கடிதம் கொடுக்கிறேன், அவர் விசா கொடுக்கும் ஹோம் ஒஃபிஸோடு பேசுவார்" என்று வாக்குக் கொடுத்திருந்தார்.

டொலறஸ் தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். முன்னறையில் மேரிறோஸ் அம்மா சேலைக்கு மேல் தடித்த ஸ்வெற்றர் போட்டுக்கொண்டு, அணைந்து கிடந்த ரீ.வி.க்கு முன்னால் இப்போதே வந்து உட்கார்ந்திருந்தார்.

"எத்தினை மணிக்குப் பிள்ளை?"

"ஒரு மணிக்கம்மா. இன்னும் நேரம் கிடக்கு."

"அந்தத் தம்பியின்ரை பாட்டோ?"

"ஓம்."

"எனக்கு இங்கிலீசு ஒரு கோதாரியும் விளங்காது. தலைமன்னார் எண்டு நீ சொல்லுறது மட்டும் விளங்கும். அது வருமட்டும் பாத்துக்கொண்டிருப்பன். அது வந்தா அவனைக் கூப்பிட்ட மாதிரி."

டொலறஸ் கிற்றாரை எடுத்துக்கொண்டு காரில் ஏறினாள்.

அவனென்றால் அருள்நேசன். டொலறஸுக்கு ஒரே தம்பி. எண்பத்து நான்காம் ஆண்டு, இராமேஸ்வரத்துக்கு ஓடிய கப்பல் நின்றுபோவதற்குச் சில நாட்களுக்கு முன் தலைமன்னார்த் துறையில் ஒரு பையோடு இருந்தவனைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். அதற்குப் பிறகு கண்டவர்கள் இல்லை. ஏழு வருடமாகியும் அவனுக்காக ஒரு இறந்த பூசை ஒப்புக்கொடுக்க மேரிறோஸ் அம்மா விடவில்லை. "உயிரோடை இருக்கிறவனுக்கு என்ன பூசை?" என்பார். அந்தப் பேச்சு அதோடு முடிந்துவிடும்.

* * *

தேம்ஸ் கரையோரத்து ஸ்ரூடியோவில் பதினொரு மணிக்கு ஒத்திகை.

டொலறஸ் கம்பனி கொடுத்த தோல் சப்பாத்தும் ஓரத்தில் குஞ்சம் தொங்கும் சட்டையுமாக வெளிச்சத்துக்குள் நின்றாள். பின்னால் நான்கு வெள்ளைக்காரப் பெடியன்கள் வாசித்தார்கள். முதலாவது இடம் வந்தது. 'அலபாமா' என்று பாடினாள்.

நாக்குத் தடுக்கவே இல்லை. எத்தனையோ காலம் பாடிப் பழகியதுபோல வழுக்கிக்கொண்டு போயிற்று. இரண்டாவது இடத்தில் இன்னும் சுகமாக வந்தது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

"பார்த்தாயா? அந்தச் சொல் அங்கேயே பிறந்த மாதிரி இருக்கிறது" என்று கொலின் கை தட்டினார்.

மேக்கப் அறையில் கண்ணாடியின் முன்னால் இருந்து அவள் மெல்லிய குரலில் இரண்டையும் மாறி மாறிச் சொல்லிப் பார்த்தாள். தலைமன்னார் என்றால் தம்பி தெரிந்தான். மெல்லிய கழுத்து, இடது புருவத்தில் வெட்டுக்காயம், கூட்டுறவுச் சங்கக் கடைக் கணக்கப்பிள்ளை வேலைக்குப் போட்டுக்கொண்டு போகும் வெள்ளைச் சேட். அலபாமா என்றதும் அவன் தலையில் ஒரு பெரிய தொப்பி வந்து உட்கார்ந்துகொண்டது. முகம் தெரியவில்லை.

கொலின் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தார். கெட்ட மனிதர் இல்லை. அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது தானே மோர்டனுக்கு வந்து பழம் கொடுத்துவிட்டுப் போனவர்.

"கொலின், நான் பழைய மாதிரியே பாடினால் என்ன?"

அவர் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"டொலறஸ், அங்கே யாருக்கும் அது ஒரு ஊர் என்றுகூடத் தெரியாது. ஏதோ மருந்தின் பெயர் என்று நினைப்பார்கள். உன் துக்கம் அவர்களுக்குப் போய்ச் சேர வேண்டாமா?"

"அது என் தம்பி நின்ற இடம்."

"எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும். அது போதாதா?"

"அம்மாவின் கடிதம்?"

"நாளைக்கு எழுதுகிறேன். எங்கள் பாடகியின் தாய் என்று எழுதுவேன்." எழுந்து வாசல்வரை போனவர் திரும்பினார். "நீ எங்கள் பாடகியாக இல்லாவிட்டால் என்ன எழுதுவது என்று எனக்கே தெரியவில்லை. மிரட்டுகிறேன் என்று நினைக்காதே."

அவர் போனபின்பு டொலறஸ் கிற்றாரை எடுத்துச் சுருதி பார்த்தாள்.  

* * *

மோர்டனில் பன்னிரண்டரை மணிக்கே ரீ.வி.யைப் போட்டாயிற்று. யாரோ ஒருவர் ஆப்பிள் பை செய்வது எப்படி என்று காட்டிக்கொண்டிருந்தார்.

பரமேஸ்வரன் நித்திரைக்குப் போகவில்லை. அந்தச் சொல் வரப்போவதில்லை என்பது அவனுக்குத் தெரியும். அது வரும் என்று காத்திருக்கும் மனுசிக்குப் பக்கத்தில் இருப்பது அவனுக்கு முள்ளில் இருப்பதுபோல் இருந்தது.

"மாமி, இண்டைக்குப் பாட்டிலை சின்ன மாற்றமொண்டு இருக்கும்."

"என்ன மாற்றம்?"

"சொல்லு ஒண்டிரண்டு."

"எனக்கெங்கை தெரியப்போகுது," என்றார் மேரிறோஸ் அம்மா. பிறகு அவன் பக்கம் திரும்பினார். "தம்பி, நானும் கேக்கவேணும் கேக்கவேணும் எண்டு இருந்தனான். அந்தப் பாட்டிலை மிச்சம் என்ன சொல்லுறாள்?"

பரமேஸ்வரன் யோசித்தான். நூறு தடவையாவது கேட்ட பாட்டு. கசற்றில், காரில், கடையில் எல்லாம் கேட்டிருக்கிறான். மெட்டு மனப்பாடம். என்ன சொல்லியிருக்கிறது என்று ஒருநாளும் நின்று கேட்டதில்லை. எழுந்து போய்க் கசற்றின் அட்டையை எடுத்து வந்தான். உள்ளே பொடி எழுத்தில் பாட்டு அச்சடித்திருந்தது. விரலை வைத்து வரி வரியாகத் தமிழில் சொல்லத் தொடங்கினான்.

"முதல்லை கடலைப் பற்றிச் சொல்லுறா. காத்து, உப்பு... பிறகு தம்பியைப் பற்றி. அக்கா சொல்லைத் தட்டாத பிள்ளை எண்டு."

"ஓம். தட்டமாட்டான்."

"பிறகு... 'நான் ஒரு நீலக் கடிதம் எழுதினன். கப்பல் ஓடுற நேரமே வெளிக்கிடு எண்டு எழுதினன். என்ரை சொல்லைக் கேட்டு வந்து, தலைமன்னார்த் துறையிலை பையோடை இருந்தான்.'"

அவனுடைய விரல் அடுத்த வரியில் நின்றது. வாசித்துவிட்டான். வாசித்தபிறகு சொல்லாமல் விட முடியவில்லை.

"'அவனைக் கடல் கொண்டுபோகேல்லை. ஆமிக்காரர் கொண்டுபோகேல்லை. என்ரை கடிதம் கொண்டுபோனது.'"

ரீ.வி.யில் யாரோ சிரித்தார்கள்.

"அவள் அப்பிடியோ பாடுறாள்?" என்று மேரிறோஸ் அம்மா கேட்டார்.

"ஓம் மாமி. நானும் இப்பதான்... எனக்கும் அவ சொல்லேல்லை."

மேரிறோஸ் அம்மா இரண்டு கையையும் மடியில் போட்டுக்கொண்டு ரீ.வி.யைப் பார்த்தபடி இருந்தார். பரமேஸ்வரன் தன் நாக்கை நொந்துகொண்டான். மகனை அனுப்பியது மகள்தான் என்று ஒரு தாயிடம் போய்ச் சொல்லிவிட்டோமே.

ஒரு மணிக்கு டொலறஸ் திரையில் வந்தாள். நிகழ்ச்சிக்காரர் அவளைப் புகழ்ந்து இரண்டு வார்த்தை பேசிவிட்டு விலகினார். வாத்தியங்கள் தொடங்கின. கடல் வந்தது, காற்று வந்தது. அந்த இடம் நெருங்கியது.

பாடியவள் அந்த ஒரு இடத்தில் மூச்சு எடுத்தாள். ஒத்திகையில் அங்கே மூச்சு எடுக்கவில்லை. பின்னால் வாசித்தவர்களில் ஒருவன் ஒரு கணம் தலையை நிமிர்த்தினான்.

"தலைமன்னார்" என்று டொலறஸ் பாடினாள்.

ஆங்கிலப் பாட்டுக்குள் வழக்கமாகக் கொஞ்சம் வளைத்துச் சொல்வாள். இன்றைக்கு வளைக்கவில்லை. மன்னார்ச் சந்தையில் பஸ்காரன் கூப்பிடுவதுபோல நேராகச் சொன்னாள். நான்கு இடத்திலும் அப்படியே சொன்னாள்.

பரமேஸ்வரன் "மாமி, சொல்லிப்போட்டா! மாத்தேல்லை!" என்று திரும்பினான்.

மேரிறோஸ் அம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை. சேலைத் தலைப்பால் முகத்தை மூடியிருந்தார்.

இரண்டு மணிக்குக் கொலின் டெலிபோன் எடுத்தார். குரலில் கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது. நிகழ்ச்சியை ஸ்ரூடியோவிலேயே பார்த்த அமெரிக்காக்காரர் விலகிவிட்டார்கள் என்றார். கம்பனி அடுத்த ரெக்கோர்டைச் செய்யாது, எம்.பி.க்குக் கடிதம் எழுதுவது இனிச் சரியாக இருக்காது என்றார். "நீங்களாவது அவளுக்கு எடுத்துச் சொல்லியிருக்கலாம், மிஸ்டர் பரமேஸ்வரன்."

"சொன்னேன்," என்றான் பரமேஸ்வரன் ஆங்கிலத்தில். "பாட்டு என்னவென்று தெரியாமல் சொல்லிவிட்டேன்."

* * *

டொலறஸ் வெளியே வந்தபோது கம்பனிக் கார் இல்லை. வோட்டர்லூவில் சுரங்க ரயில் எடுத்தாள். கிற்றார்ப் பெட்டியை முழங்காலுக்கு இடையில் பிடித்துக்கொண்டு, அந்தக் கோமாளிச் சப்பாத்தோடு ஒரு மூலையில் இருந்தாள். நெஞ்சுக்குள் பாரமில்லை. நாளைக்குப் பாரம் வரும் என்று தெரிந்தது. அம்மாவின் விசா திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது.

ஸ்ரொக்வெல்லில் ஏறிய ஒரு வெள்ளைக்காரப் பெட்டை அவளையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, கொப்பியையும் பேனையையும் நீட்டினாள். டொலறஸ் முழுப் பெயரையும் எழுதிக் கொடுத்தாள். டொலறஸ் செபமாலைமுத்து. பெட்டை அதை எழுத்துக் கூட்டிப் பார்த்தாள்.

"மன்னிக்கவேண்டும். நீங்கள் டொலறஸ் றே என்று நினைத்துவிட்டேன்."

"பரவாயில்லை," என்றாள் டொலறஸ்.

மோர்டனில் இறங்கும்போது நாலரை மணி. இருட்டிவிட்டிருந்தது. வீட்டுக் கேற்றடியில் பரமேஸ்வரன் குடை இல்லாமல் நின்றான்.

"நனையிறியள்."

"உள்ளை போகமுதல் ஒண்டு சொல்லவேணும். நீர் பாடினது நல்லது. நான் காலமை சொன்னதை மறந்துவிடும்."

"கொலின் எடுத்தவரோ?"

"எடுத்தவர். அது பிறகு. டொலறஸ், மாமி பாட்டின்ரை கருத்தைக் கேட்டவ. நான் சொல்லிப்போட்டன். கடிதத்தையும் சொல்லிப்போட்டன்."

டொலறஸ் கேற்றைப் பிடித்துக்கொண்டாள். இந்த நாட்டில் எல்லாருக்கும் கேட்கப் பாடியிருக்கிறாள். ஒரே ஒரு ஆளுக்கு விளங்காது என்ற தைரியத்தில்தான் பாடியிருக்கிறாள் என்பது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது.

"என்ன சொன்னவ?"

"ஒண்டுமில்லை. அப்ப இருந்து ஒண்டுமில்லை. சாப்பிடவுமில்லை."

முன்னறையில் லைற் போடவில்லை. தெருவிளக்கின் மஞ்சள் யன்னல்வழியாக வந்து கம்பளத்தில் கிடந்தது. மேரிறோஸ் அம்மா காலையில் இருந்த அதே கதிரையில் இருந்தார். டொலறஸ் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் போய் அவர் காலடியில் இருந்தாள்.

"அம்மா, நான்தான் போகச் சொல்லி எழுதினனான். ஊர் நிலவரம் கேட்டுப் பயந்துபோய் எழுதினனான். நான் எழுதாட்டில் அவன் கப்பல் நிக்கிற பியரடிக்கே போயிருக்கமாட்டான். உங்களிட்டைச் சொல்ல எனக்கு வாய் வரேல்லை. அடியுங்கோ, பேசுங்கோ. சும்மா இருக்காதையுங்கோ."

மேரிறோஸ் அம்மாவின் கை அவள் தலைக்கு வந்தது. அடிக்கவில்லை. மழை பட்ட தலைமயிரைத் துடைத்துவிட்டது.

"ஏழு வருஷமா இதையோ காவிக்கொண்டு திரிஞ்சனீ?"

டொலறஸ் அழுதாள்.

"உன்ரை கடிதம் வந்தது, பிள்ளை. ஆடி மாதம். அவன் சங்கக் கடைக்கு வேலைக்குப் போயிட்டான். நான்தான் வாங்கினனான். உடைச்சு வாசிச்சனான்." குரல் ஒரே சீராக, செபம் சொல்வதுபோல வந்தது. "வாசிச்சுப்போட்டு அடுப்புக்குள்ளை வைச்சனான்."

"என்னம்மா சொல்லுறியள்?"

"அவனட்டை அது போகேல்லை. நீ எழுதினனீ எண்டே அவனுக்குத் தெரியாது. பெட்டையையும் லண்டனுக்கு விட்டிட்டன், இவனையும் விட்டால் எனக்கு ஆர் எண்டு நினைச்சனான். குடுத்திருந்தா அந்தக் கிழமையே கப்பலேறியிருப்பான். இண்டைக்கு உயிரோடை இருந்திருப்பான்."

வாசலில் நின்ற பரமேஸ்வரன் சுவரில் சாய்ந்தான். மகன் இறந்துவிட்டான் என்று பொருள்படும் ஒரு சொல் மேரிறோஸ் அம்மாவின் வாயிலிருந்து இதுவரை வந்ததில்லை. அவரும் அதை உணர்ந்திருக்க வேண்டும். உதட்டைக் கையால் பொத்திக்கொண்டார்.

டொலறஸுக்கு எதைப் பிடிப்பது என்று தெரியவில்லை. தம்பி போனது தன் பாவம் இல்லை என்று ஆகிவிட்டது. அந்தப் பாவம் இப்போது அம்மாவின் தலையில் இருந்தது. இன்று மத்தியானம் எல்லாவற்றையும் விட்டுக் காப்பாற்றிய அந்தப் பாட்டில் ஒரு ஊரின் பெயர் மட்டும்தான் உண்மை.

"அப்ப ஏனம்மா அவன் பியரடிக்குப் போனவன்?" என்று கடைசியில் கேட்டாள். "கடிதம் கிடைக்காட்டில்? பையோடை இருந்தவன் எண்டு கண்ட சனம் சொன்னதெல்லோ?"

"அது அவன்ரை பை இல்லை."

"ஆரின்ரை பை?"

மேரிறோஸ் அம்மா இருட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அவன் கப்பலேறப் போகேல்லை. ஒருத்தியை ஏத்திவிடப் போனவன். நான் வீட்டுப்படி ஏறவிடாத ஒருத்தியை."

டொலறஸ் தாயின் கையை இறுக்கிப் பிடித்தாள். தன் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது.

"அவள் ஏறினவளோ?"

"ஏறினவள்," என்றார் மேரிறோஸ் அம்மா. "வயித்திலை அவன்ரை பிள்ளையோடை."